கூட்டல், பெருக்கல்

அமதோரா ரயில் நிலையத்துக்குப் பின்னால்
காசு போட்டால் துணி துவைக்கும் கடை.
ஏழாம் எண் இயந்திரம் சுற்றிக்கொண்டிருக்கிறது.
அதன் தலைமேல் ஒரு நோட்டு, ஒரு கால்குலேட்டர்,
நான்கு முழங்கைகள்.

பதினொரு வருடம்
லிஸ்பனில் அடுத்தவர் வீட்டைக்
கூட்டினார்கள், பெருக்கினார்கள்.
இன்றைக்குத்தான் தாளில்
கூட்டுகிறார்கள், பெருக்குகிறார்கள்.

ஆரம்பம் ஒரு சமையலறை மேசையில்.
வீட்டுக்காரி மறந்துவிட்டுப் போன பில்,
பழத்தட்டுக்கு அடியில் பாதி தெரிந்தது.
மணிக்குப் பதினாறு யூரோ
கம்பெனி வாங்கியிருந்தது.
ஜெனீராவின் கைக்கு வந்தது ஐந்தே முக்கால்.
பில்லைத் தூக்கி, அடியில் துடைத்து,
இருந்த கோணத்திலேயே திரும்ப வைத்தாள்.
பஸ்ஸில்தான் கழித்துப் பார்த்தாள்.
பத்தேகால்.
ஒவ்வொரு மணிக்கும் பத்தேகால்
ஒரு நீலச் சட்டைக்கும்
அதன் முதுகில் அச்சடித்த பெயருக்கும்.

"மணிக் கணக்கா, வீட்டுக் கணக்கா?"
லுத்மிலா கேட்கிறாள். மால்டோவாக்காரி,
பேனாவைக் கத்திபோல் பிடிக்கிறவள்.
மணிக் கணக்கென்றால்
கைவேகம் நமக்கே எதிரி.
மூன்று மணி வேலையை இரண்டில் முடித்தால்
ஒரு மணிக் கூலியை நாமே துடைத்து எறிகிறோம்.
வீட்டுக் கணக்கென்றால்
நாய் வளர்க்கிறவர்கள் ஜெயித்துவிடுவார்கள்.

எழுதுகிறார்கள்.
ப்ளீச், வினிகர், கையுறை.
ரயில் பாஸ், இரண்டு பேருக்கு.
வரி.
காப்பீடு: பூச்சாடி உடைந்தால் அவர்களுக்கு.
நாம் உடைந்தால்?
அந்த இடத்தைக் காலியாக விட்டுக்
கீழே போகிறார்கள்.
அடுப்பின் உள்பக்கம் தனி.
பால்கனியில் புறா எச்சம் தனி.
லிஃப்ட் இல்லாத கட்டடத்தில்
மாடிக்கு ஒரு யூரோ என்று லுத்மிலா எழுத,
சிரித்துக்கொண்டே அடிக்கிறாள் ஜெனீரா.
பிறகு முழங்காலைத் தடவிவிட்டு
அடித்ததற்கு மேலேயே
மறுபடி எழுதுகிறாள்.

மணிக்கு ஐந்து என்று
ரொட்டிக்கடைக் கண்ணாடியில் ஒருத்தி ஒட்டியிருக்கிறாள்.
அடிமாட்டு விலை.
யாரென்று இருவருக்கும் தெரியும்.
போன குளிரில் சாவோ விசென்த் தீவிலிருந்து வந்த
ஒர்லாந்தா. கைக்குழந்தைக்காரி.
திட்ட வாயெடுத்து மூடிக்கொள்கிறாள் ஜெனீரா.
வந்த வருடம் அவள் கேட்டது மூன்று.

போன் அடிக்கிறது.
ஒரு ஆண் குரல், பென்ஃபிக்கா பக்கம்,
மூன்று அறை, இரண்டு குளியலறை, நாய் இல்லை.
"ஐம்பத்திரண்டு" என்கிறாள்.
சொன்னபிறகுதான் அது எவ்வளவு நீளமான எண் என்று
தெரிகிறது.
மறுமுனையில் சத்தமில்லை.
அந்த நேரம் பார்த்து
ஏழாம் எண்ணும் சுற்றுவதை நிறுத்துகிறது.
குறைத்துக்கொள்ளலாம் சார் என்பது
நுனிநாக்குவரை வந்து நிற்கிறது, செருப்பைக் கழற்றிக்கொண்டு.
லுத்மிலா அவள் மணிக்கட்டைப் பிடிக்கிறாள்,
கொதிக்கும் பாத்திரத்தின் மூடியைப் பிடிப்பதுபோல்.

"ஜன்னல்களும் சேர்த்தா?"

"இல்லை."

யார் சொன்னது அது?
இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள்.

"சரி, வியாழன். ஒன்பது மணி."

வைத்த பிறகு ஜெனீரா கேட்கிறாள்:
"அறுபது சொல்லியிருக்கலாமோ?"

இயந்திரத்தின் வட்டக் கதவைத் திறக்கிறார்கள்.
உள்ளே சுருண்டு கிடக்கின்றன
இரண்டு நீலச் சட்டைகள்.
துவைத்துத்தான் திருப்பித் தரவேண்டுமாம்,
ஒப்பந்தத்தில் இருக்கிறது.
மூன்றரை யூரோ.
லுத்மிலா நோட்டைத் திருப்பி
அதையும் எழுதுகிறாள்.
யார் கணக்கில் என்ற இடத்தில்
பேனா நிற்கிறது, சொட்டுகிற சட்டைக்குக் கீழே.